212-ஆம் பலகைக்கு வந்தவர்

பிட்ஸ்பர்க்
பிப்ரவரி 22, ஞாயிறு காலை

அன்பு மகள் கெல்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அம்மாவின் இடது முழங்காலையும் என் வாயையும் தவிர இந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அலாஸ்காக் குளிரில் நீயும், உன் அறைச் சூடேற்றியும், ஆய்வுக்கூடத் தொட்டியில் நீ வளர்க்கிற சிப்பிகளும் அதே மாதிரி குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் மூவருக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன். தவக்காலம் தொடங்கிவிட்டது, அதனால் உன் அம்மா மறுபடியும் சர்ச் அடித்தளச் சமையலறைக்குத் தளபதி. முந்தாநாள் முதல் வெள்ளி மீன் வறுவல், ஐந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள், பியரோகிக் கொழுக்கட்டை ஏழு மணிக்கே தீர்ந்துவிட்டது, முட்டைக்கோஸ் நூடுல்ஸை வைத்துத்தான் மானத்தைக் காப்பாற்றினாள். முழங்காலுக்கு ஓய்வு கொடு என்று சொன்ன டாக்டரே வரிசையில் நின்றார், இவள் நின்றுகொண்டே அவருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, 'இதைச் சாப்பிட்டுட்டு அப்புறம் திட்டுங்க' என்றாளாம். உன் அண்ணன் ட்ராய் நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான், ஊர்ப் பனியெல்லாம் தள்ளுகிறான், நம் வாசல் பனியை மட்டும் அப்பன் தள்ளட்டும் என்று விட்டுவிட்டான். நான் இரண்டு மணி நேரம் வாரி நம் காருக்கு இடம் பண்ணி, இது நம் இடம் என்பதற்கு அடையாளமாக நம் தெரு வழக்கப்படி அந்தப் பச்சை நாற்காலியை நடுவில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால், எவனோ ஒரு வெளியூர்க்காரன் அதை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் வண்டியை விட்டிருக்கிறான். எதிர்வீட்டுத் திருமதி பரானெக் மாடி ஜன்னலைத் திறந்து, 'ஏம்ப்பா, நாற்காலி போட்டிருக்கே, கண்ணு தெரியலையா? அது ஆளே உட்கார்ந்திருக்கிற மாதிரி, எடு வண்டியை!' என்று போட்ட சத்தத்தில் அவன் வண்டியை எடுத்து, நாற்காலியைத் தன் துண்டாலேயே துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனானாம்.

சரி, ஊர்க்கதை போதும், விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு போனில் நீ மூன்று செய்தி சொன்னாய். ஜூன் முப்பதோடு பல்கலைக்கழகத்தில் உன் ஒப்பந்தம் முடிகிறது, ஆங்கரேஜில் தண்ணீர் பரிசோதிக்கிற கம்பெனி ஒன்று கூப்பிடுகிறது, ஏப்ரலில் ஓமாஹாவில் நடக்கிற ஆற்று ஆராய்ச்சி மாநாட்டுக்கு நீ போகப் போவதில்லை. ஏனம்மா என்று கேட்டதற்கு, 'அங்க போய் நிக்கிறதே அசிங்கமா இருக்குப்பா, பெரிய ஆளுங்களைத் தேடிப் போய்ப் பல்லைக் காட்டணும், கார்டை நீட்டணும், நான் யார்னு நானே சொல்லிக்கணும், புரொபசர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு அது தாய்ப்பாலோட வருது, எனக்கு வராது, போன வருஷம் நம்ம ஊர்லயே என் ஆராய்ச்சி போஸ்டர் பக்கத்துல ரெண்டு மணி நேரம் நின்னேன், ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு நின்னு படிக்கலை, நீங்க அதைச் சுருட்டி அனுப்பின அந்த அட்டைக் குழாயை நான் இன்னும் பிரிக்கக்கூட இல்லை' என்றாய். மாநாட்டைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசினால் போனை வைத்துவிடுவேன் என்றும் சொன்னாய், நான் பேசினேன், நீ வைத்தாய், சொன்ன சொல் தவறாத பெண். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். செல்போனில் கட்டைவிரலால் தட்டி அனுப்பு என்று ட்ராய் சொன்னான், ஆனால் இது கட்டைவிரலால் தட்டி அனுப்புகிற சமாசாரம் இல்லை.

கெல்சி, நீ எண்ணிப் பிழைக்கிறவள். ஆற்றின் அடியில் கம்பிச் சட்டத்தைப் போட்டுச் சிப்பி எண்ணும்போது ஒன்று விட்டுப்போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் குளிர்ந்த தண்ணீரில் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவாய் என்று நீயே சொல்லியிருக்கிறாய். போன வருஷக் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டாய். உன் போஸ்டர் தொங்கிய பலகைக்கு ஒரு ஆள் வந்தார், நின்று படித்தார், உட்கார்ந்தும் படித்தார். நான் பார்த்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் பத்து மாதம் ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தேன், மறைத்தேன் என்றுகூட எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். குழாயைப் பிரிக்கவில்லை என்று நீ சொன்ன நிமிஷம்தான் உனக்குத் தெரியாது என்பது எனக்குப் புரிந்தது. நீ போனை வைப்பதற்கு முன், நடுவில் அதை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உப்பு எடுக்கப் போகிறேன் என்று கிளம்பினேனே, நாங்கள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நடுவில் கோபம் வந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு நடை போய்விட்டு வந்து மீதியைப் படி.

போன ஏப்ரல் அந்த மாநாடு நம் ஊருக்கு, அதுவும் நான் இருபத்தேழு வருஷமாகப் பலகை தூக்குகிற மண்டபத்துக்கே வருகிறது என்று தெரிந்தபோது நான் குழந்தை மாதிரி குதித்தேன். காலையில் காரில் உன்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது பாலத்தின் மேல் வைத்து நீ சொன்னாய், 'அப்பா, அங்க என்னைப் பார்த்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா, தப்பா எடுத்துக்காதீங்க, அந்த ஆரஞ்சு வேலைச் சட்டையோட வந்து தோள்ல தட்டினீங்கன்னா எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்க'. சரி என்றேன். வலிக்கவில்லை என்று எழுதினால் பொய், கொஞ்சம் வலித்தது, ஆனால் உன் நியாயம் எனக்குப் புரிந்தது, என் அப்பா எஃகு ஆலைத் தொப்பியோடு என் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தவன். அதனால் வாக்குக் கொடுத்தேன். ஆனால் 212 உன் பலகை என்று பட்டியலில் பார்த்துவிட்டு, அது ஆடாமல் நிற்பதற்காக மற்றவற்றைவிட இரண்டு திருகாணி கூடுதலாக நானே முடுக்கினேன். இடம் மோசம், கழிப்பறை வாசலுக்கு நேர் எதிரே, அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, எண் போடுவது அவர்கள் வேலை.

ஐந்து மணிக்கு நீ போஸ்டரைக் குத்திவிட்டு நின்றாய். நான் திரைக்குப் பின்னால் காலி வண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், ஒரே வண்டியை ஆறு தடவை அடுக்கினேன் என்று என் கூட்டாளி புட்ச் இன்றுவரை கேலி செய்கிறான். கூட்டமெல்லாம் மறுகோடியில் பாலாடைக்கட்டித் தட்டைச் சுற்றி நின்றது. உன் பக்கத்தில் 210-ஆம் பலகையில் சிவப்புத் தாடி வைத்த ஒரு பையன், அவனுக்கு மட்டும் பத்துப் பேர். அதைப் பார்த்து நீ சுருங்கினாய், நான் பார்த்தேன். ஆனால் நீ பார்க்காதது ஒன்று உண்டு. அந்தப் பத்துப் பேரையும் அவனுடைய பேராசிரியர் ஒவ்வொருவராகத் தோளில் கைபோட்டு, 'வாங்க, நம்ம பையன் என்ன பண்ணியிருக்கான்னு பாருங்க' என்று கூட்டிக்கொண்டு வந்தார். உன் பேராசிரியர் அந்த வருஷம் மாநாட்டுக்கே வரவில்லை. அவனுக்குக் கூட்டிவர ஆள் இருந்தது, உனக்கு இல்லை, இதில் அவன் திறமையும் இல்லை உன் குறையும் இல்லை. நீ செய்த ஒரே தப்பு, போனை எடுத்துக் குனிந்துகொண்டதுதான். இரண்டு மணி நேரம் நின்றேன் என்கிறாய், ஐம்பது நிமிஷம், மண்டபக் கடிகாரத்தை மாட்டியவன் நான்.

ஐந்து நாற்பதுக்கு நீல மழைக்கோட்டுப் போட்ட ஒரு வயதான அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உன்னிடம் வந்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார். நீ போனிலிருந்து கண்ணை எடுக்காமல் முகவாயாலேயே வழி காட்டினாய். பத்து நிமிஷம் கழித்துப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய், போஸ்டரைக் கழற்றக்கூட இல்லை. அவர் திரும்பி வரும்போது நீ இல்லை. வந்தவர் அப்படியே உன் பலகை முன்னால் நின்றுவிட்டார். மேலேயிருந்து படித்துக்கொண்டே வந்தார், கீழே இருக்கிற படத்தைப் பார்க்கக் குனிய முடியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பாதிக் குனிந்து நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். 'புண்ணியமாப் போகும் தம்பி' என்று உட்கார்ந்து இருபது நிமிஷம் படித்தார். நடுவில் ஒருமுறை தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, 'இதைச் செஞ்ச பொண்ணு எங்கே தம்பி?' என்றார். தெரியாது மேடம் என்றேன், அது உண்மை, நீ எந்தப் பக்கம் போனாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் விடவில்லை, 'நான் வந்ததுலேர்ந்து நீங்க இந்தப் பலகையையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே, உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?' என்று கேட்டார்.

இல்லை மேடம், நான் பலகை தூக்குகிறவன் என்று சொன்னேன். கெல்சி, உன்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் அம்மாவிடம் போன ஞாயிறு இதைச் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'இயேசுவைத் தெரியாதுன்னு சொன்ன பேதுருவுக்காவது அன்னைக்கே சேவல் கூவிச்சு, உனக்கு மாத்திரம் பத்து மாசம் ஆயிருக்கு டெனிஸ்' என்றாள். தவக்காலம் வருகிற நேரத்தில் பார்த்து இப்படி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று, கேட்டுக்கொண்டேன்.

அந்த அம்மா எழுத ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என் தச்சுப் பென்சிலையும், அன்றைய வேலைத் தாளையும் கொடுத்தேன். தாளின் பின்பக்கத்தில் எழுதி, உன் போஸ்டரின் வலதுபக்கக் கீழ்மூலையில் குண்டூசியால் குத்தினார். எழுந்திருக்கும்போது, அதுவரை கவிழ்ந்து கிடந்த கழுத்து அட்டை திரும்பியது. ஐலீன் ஃபோர்ட்னர். எத்தனை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன், ஃபோர்ட்னர் புத்தகத்தில் இப்படி, ஃபோர்ட்னர் புத்தகத்தில் அப்படி என்று. அந்தப் புத்தகத்தின் பின் அட்டையில் இருப்பது முப்பது வருஷத்துக்கு முந்திய படம், கறுப்பு முடி, கையில் துடுப்பு. நீ எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாய், நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அவர் போன பிறகு உனக்குப் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் நீ சாப்பாட்டு மேஜையில், 'ஒரு ஆளு வரலைம்மா, ஒரு கிழவி பாத்ரூமுக்கு வழி கேட்டா, அவ்ளோதான், இனிமே இந்த மேஜையில இந்தப் பேச்சு வேண்டாம்' என்றாய். உன் அம்மா சிரித்தாள், நீயும் அழுகையோடு சிரித்தாய். அந்த நிமிஷமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றதையும், உன்னைத் தெரியாது என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலை விமானத்தில் நீ போய்விட்டாய். கடைசி நாள் பன்னிரண்டு மணிக்கு மேல் பலகையில் எது தொங்கினாலும் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் சட்டம். புட்ச் 212-இல் கை வைக்கப் போனான், தொடாதே என்று நான் போட்ட சத்தத்தில் பயந்தே போனான். நானே ஊசி ஊசியாகக் கழற்றி, அந்தச் சீட்டைப் போஸ்டரின் உள்பக்கத்தில் வைத்துச் சுருட்டி, அட்டைக் குழாயில் போட்டு, திங்கட்கிழமை தபாலில் சேர்த்தேன். கூட ஒரு வரி எழுதவில்லை. சீட்டே எல்லாவற்றையும் சொல்லிவிடும், நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன், கோழைத்தனத்துக்குத் தபால்தலை ஒட்டி அனுப்பினேன் என்று வைத்துக்கொள். மே மாதம் குழாய் வந்ததா என்று கேட்டேன், 'வந்துச்சுப்பா, அலமாரி மேல வெச்சிருக்கேன்' என்றாய். குரல் வறண்டிருந்தது. படித்துவிட்டாள், வேலைத் தாளைப் பார்த்ததும் அப்பன் அங்கே இருந்தான் என்று புரிந்துகொண்டாள், கோபத்தில் இருக்கிறாள், அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நான் எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். நீயோ குழாயைப் பிரிக்கவே இல்லை. நீ வெட்கத்தில் பேசவில்லை, நான் வெட்கத்தில் கேட்கவில்லை, அப்பனும் மகளும் சேர்ந்து ஒரு நல்ல காரியத்தைப் பத்து மாதம் அலமாரி மேல் தூங்க வைத்துவிட்டோம்.

சீட்டில் இருப்பது எனக்கு மனப்பாடம், அடுத்தவர் கடிதத்தைப் படித்ததற்கும் சேர்த்து மன்னித்துவிடு. '212-ஆம் பலகைப் பெண்ணுக்கு. உன் மூன்றாவது படத்தில், அணைக்குக் கீழே சிப்பி கூடுகிறது என்கிறாய். அதை நானும் நாற்பது வருஷத்துக்கு முன் இதே ஆற்றில் எண்ணினேன், யாரும் நம்பவில்லை, நானே என்னை நம்புவதை விட்டுவிட்டேன். என் பழைய நோட்டுகள் பதினொன்று இருக்கின்றன, கொடுக்க ஆள் இல்லாமல் இருக்கின்றன. எனக்கு எழுது. பின்குறிப்பு: நீ காட்டிய வழி சரியாகவே இருந்தது, நன்றி.' கீழே பெயரும் தொலைபேசி எண்ணும். பின்குறிப்பைப் படித்துவிட்டு நான் மண்டபத்தின் நடுவில் நின்று சிரித்தேன். வழி காட்டியது நீதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, நீ முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை என்றும் தெரிந்திருக்கிறது, அப்படியிருந்தும் எழுது என்றுதான் எழுதியிருக்கிறார்.

இப்போது சொல், நீ பல்லைக் காட்டினாயா? கார்டை நீட்டினாயா? அப்பாவுக்கு ஆராய்ச்சி தெரியாது, ஆனால் மாநாடு தெரியும். பல் மருத்துவர்கள், பாலம் கட்டுகிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள் என்று இருபத்தேழு வருஷமாக எத்தனையோ கூட்டத்துக்கு மேஜை போட்டுப் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்தவர்களை வட்ட மேஜையில் உட்கார வைத்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மணி அடித்து இடம் மாற்றிப் பழக விடுவார்களே, மாட்டுச் சந்தை என்று நீ சொல்வாயே, அதில் நான் உன் கட்சிதான், அந்த மணியை அடித்தவனே நான், யாருக்கும் யார் பெயரும் நினைவிருப்பதில்லை. கடைசி நாள் கூட்டிப் பெருக்கும்போது முகவரிக் கார்டுகளை முறத்தால் அள்ளுவோம். ஆனால் காபி டிரம்மின் மூடி திறக்காமல் இரண்டு பேர் சேர்ந்து முறுக்குகிற இடத்தில், கடைசி நாள் பெட்டி வைக்கிற அறை வரிசையில், பஸ் வராத வாசலில், அங்கேதான் ஜனங்கள் உண்மையாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் இந்த வேலைக்கு வந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் இப்படி யோசித்திருக்க மாட்டாய். அன்றாட வேலைக்கு ஆள் கூப்பிடுகிற யூனியன் ஆபீஸில் எட்டு மாதம் காலை ஆறு மணிக்குப் போய் நின்றேன், என் பெயரை யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் காபி மெஷின் கெட்டுப்போயிற்று, சும்மாதானே நிற்கிறோம் என்று திறந்து சரி பண்ணினேன், 'யாருடா இவன், இத்தனை நாளா எங்கடா இருந்தே?' என்று புட்ச் கேட்டான். எட்டு மாதமாக அங்கேயேதான் இருந்தேன். மெஷின் கெட்ட அன்று நான் வீட்டில் படுத்திருந்தால் இன்னொருவன் திறந்திருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். உன் போஸ்டரிலேயே நீ எழுதியிருந்தாய், சிப்பிக் குஞ்சால் தானாக ஆற்றில் மேலே போக முடியாது, ஏதாவது ஒரு மீனின் செவுளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய், பிறகு தானே இறங்கித் தரையில் ஊன்றிக்கொள்ளும் என்று. அதை நீ கேவலம் என்று எழுதவில்லை, நான் கழற்றும்போது படித்தேன்.

ஆங்கரேஜ் வேலையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன், கம்பெனிக்கு உழைத்துத்தான் நானும் உங்கள் இருவரையும் வளர்த்தேன், ஊருக்கு நல்ல தண்ணீர் போகிறதா என்று பார்க்கிற வேலை கௌரவமான வேலை. உனக்கு அது பிடித்திருந்தால் சந்தோஷமாகப் போ, நான் டிரக் எடுத்துக்கொண்டு வந்து சாமான் ஏற்றுகிறேன். ஆனால் ஒருவரும் வரவில்லை என்ற கணக்கை நம்பிப் போகாதே. பூஜ்யம் தப்பு, சரியான எண் ஒன்று. அதை வைத்து மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய். ட்ராயை விட்டு அந்த மாநாட்டு நிகழ்ச்சிநிரலைக் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னேன், ஏப்ரல் 22, புதன் காலை ஒன்பது மணிக்கு முதல் பேச்சு ஃபோர்ட்னர் அம்மாதான் பேசுகிறார். போஸ்டருக்குப் பெயர் கொடுக்க மார்ச் பதினைந்து கடைசி நாள். அவருக்கு நான் போன் பண்ணவில்லை, அந்த எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை, அது உனக்கு வந்த சீட்டு, நீதான் பேச வேண்டும். ஏன் பத்து மாதம் பதில் இல்லை என்று அவர் கேட்டால் உள்ளதைச் சொல், என் அப்பா ஒரு மடையன் என்று தாராளமாகச் சொல், அவர் என்னைப் பார்த்திருக்கிறார், நம்புவார்.

ஒரு காரியம் மட்டும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். ஓமாஹா மண்டபத்தில் பலகைக் குழுவுக்குத் தலைவன் கஸ் டுவோரக், யூனியன் கூட்டத்தில் பத்து வருஷப் பழக்கம், அவன் மகள் கல்யாணத்துக்கு நானும் உன் அம்மாவும் போய் ஆடிவிட்டு வந்தோம். புரொபசர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் ஆள் உண்டு என்கிறாயே, பதினைந்து ஊரில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் உனக்கு இருக்கிறார்கள், உன் பேராசிரியருக்கு உண்டா கேட்டுப் பார். கஸ்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன், என் மகள் வந்தால் அவள் எண் எதுவாக இருந்தாலும் அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு நல்ல நாற்காலி போட்டு வை, இடுப்பு வலிக்கிற ஒரு அம்மா உட்கார்ந்து படிக்க வருவார் என்று. 'உம் பொண்ணா பாவ்லிக்? சொல்லவே இல்லையே, டாக்டரா அவ? நாற்காலி என்னய்யா நாற்காலி, சோபாவே போடுறேன்' என்றான். நாற்காலி போட்டால் என்ன அர்த்தம் என்று நம் தெருவில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ வராமல் போனால் அது காலியாக நிற்கும், கஸ் என்னைக் கேட்பான், நான் அவனுக்கு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன், அதற்காக நீ போக வேண்டாம். போனால் போனைப் பைக்குள் போட்டுவிடு, கழுத்து அட்டை கவிழ்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள், பாத்ரூம் எங்கே என்று யார் கேட்டாலும் நிமிர்ந்து பார்த்துச் சொல்.

குழாயைப் பிரிக்கும்போது சிவப்பு மூடி பக்கம் பிரி, மறுபக்கம் நான் நாலு சுற்று டேப் ஒட்டியிருக்கிறேன், கத்தியை ஆழமாக விட்டால் சீட்டு கிழியும். உன் அம்மா கம்பளிக் காலுறை நான்கு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறாள், ஆய்வுக்கூடத்துக்குப் போட்டுப் போக வெட்கமாக இருந்தால் உள்ளே போட்டுக்கொள் என்றாள். ஈஸ்டருக்கு வர முடியாவிட்டாலும் அன்று கூப்பிடு, எந்தப் பேச்சு பேசினாலும் போனை வைக்காதே. கடவுள் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும், நீ எண்ணுவது எல்லாம் பெருகட்டும், நீ நிற்கிற இடத்தில் நாலு பேர் வந்து நிற்கட்டும். காரில் கொடுத்த வாக்கை இன்றோடு திருப்பி எடுத்துக்கொள்கிறேன், உனக்குக் கோபம் வந்தாலும் சரி. இனி எந்த மண்டபத்தில் யார் என்னைக் கேட்டாலும் நான் சொல்லப் போகிற பதிலைக் கீழே கையெழுத்தாகவே போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
212-ஆம் பலகைப் பெண்ணை நன்றாகத் தெரிந்தவன்,
அவள் அப்பா,
டெனிஸ் பாவ்லிக்